றௌலற் சட்டம்: பொலிசார் அறிவும் நீதிமன்றச் சான்றும்

1919 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இந்தியாவில் நிறைவேறிய றௌலற் சட்டத்தைப் பாடசாலை வரலாற்று நூல்கள் பெரும்பாலும் ஜாலியன்வாலாபாக் படுகொலையின் முகவுரையாகவே கூறிச் செல்கின்றன. சட்டம் வந்தது, மக்கள் கொதித்தெழுந்தனர், தளபதி டயர் சுட்டான் என்னும் மூன்று வாக்கியங்களில் அதன் கதை முடிந்துவிடுகின்றது. அச்சட்டம் யாது கூறிற்று, அதனை வகுத்தோர் எக்காரணங்காட்டி வகுத்தனர் என்பன மாணவர் அறியாதனவாகவே நின்றுவிடுகின்றன. படுகொலைக்கு ஒரு படைத்தலைவனின் கொடுமனத்தைக் காரணங்காட்டி அமைதி கொள்ளலாம். சட்டத்துக்கு வழிவகுத்தோரோ கற்றறிந்தோர். அவர்களுள் மூவர் உயர் நீதிமன்றங்களில் அமர்ந்து நீதி வழங்கியோர். நன்மக்கள் எவ்வாறு அத்தகையதொரு முடிவுக்கு வந்தனர் என்பதே ஆராயத்தக்க வினாவாகும்.

1917 டிசம்பர் 10 ஆந் திகதி அமைக்கப்பட்ட குழுவுக்கு இங்கிலாந்தின் உயர் நீதிமன்ற நீதிபதி சேர் சிட்னி றௌலற் தலைவராயினார். பம்பாய்ப் பிரதம நீதியரசர் சேர் பேசில் ஸ்கொட், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி திவான் பகதூர் குமாரசுவாமி சாஸ்திரி, ஐக்கிய மாகாணங்களின் உயர் உத்தியோகத்தர் சேர் வேர்ணி லொவெற், கல்கத்தா வழக்கறிஞர் பிரவாஸ் சந்திர மித்தர் ஆகியோர் ஏனைய உறுப்பினர். புரட்சி இயக்கத்தோடு தொடர்புடைய சதிகளின் தன்மையையும் பரப்பையும் ஆராய்ந்து, அவற்றை அடக்குவதிலுள்ள இடர்ப்பாடுகளை நோக்கி, எத்தகைய சட்டம் இயற்றலாமென ஆலோசனை கூறுக என்பது அவர்க்கிட்ட பணி. சட்டம் வேண்டுமா என்பதன்று வினா. எத்தகைய சட்டம் வேண்டும் என்பதே வினா. விடையின் பாதி இங்ஙனம் வினாவிலேயே அடங்கிக் கிடந்தமை கவனிக்கற்பாலது. குழுவினர் மூடிய அறைக்குள் கூடினர். தமக்கு முன்வைக்கப்பட்ட இரகசியப் பத்திரங்களை வெளியிட்டாரல்லர். 1918 ஏப்ரிலில் அறிக்கையைச் சமர்ப்பித்தனர். அது யூலையில் வெளியாயிற்று. இந்தியருக்குப் படிப்படியாகப் பொறுப்பாட்சி வழங்குவது பற்றிய மொன்ரேகு செம்ஸ்போட் அறிக்கை வெளியானதும் அதே மாதத்திலேதான்.

அறிக்கையின் உயிர்நாடி எனத்தக்க ஓரிடம் உண்டு. 1906 முதல் 1917 வரை வங்காளத்தில் 210 புரட்சிக் குற்றங்களும் 101 முயற்சிகளும் நிகழ்ந்தன என்றும், இவற்றிற் சம்பந்தப்பட்ட 1,038 பேரைப் பற்றித் திட்டமான செய்தி பொலிசார் கையில் உண்டென்றும், ஆயின் 39 வழக்குகளில் 84 பேரே குற்றவாளிகளாகக் காணப்பட்டனர் என்றும் குழுவினர் கணக்கிட்டனர். ஆயிரத்து முப்பத்தெட்டு எங்கே, எண்பத்து நான்கு எங்கே! இவ்விரு தொகைகளுக்கும் இடையே கிடந்த பள்ளத்தை நிரப்புவதற்கே றௌலற் சட்டம் தோன்றியது எனின் மிகையாகாது.

அரசாங்கத்தின் பக்கத்து நியாயத்தை மறைத்தல் வரலாற்றாசிரியர்க்கு அழகன்று. சாட்சியாளர் அஞ்சினர் என்பது வெறுஞ் சாட்டன்று. அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் அரச சாட்சியாக மாறிய நரேன் கோசாயின் 1908 ஆகஸ்டில் சிறைச்சாலையினுள்ளேயே சுட்டுக்கொல்லப்பட்டான். அவ்வழக்கை நடத்திய அரசாங்க வழக்கறிஞர் அசுதோஷ் விசுவாசர் 1909 பெப்ரவரியிலும், துப்பறிந்த பொலிசு உத்தியோகத்தர் சம்சுல் ஆலம் 1910 சனவரியில் உயர் நீதிமன்றக் கட்டடத்திலும் கொலையுண்டனர். முசபர்பூரில் 1908 ஏப்ரில் 30 ஆந் திகதி ஒரு நீதவானுக்கென எறியப்பட்ட குண்டு குற்றமற்ற இரு பெண்களின் உயிரைக் குடித்தது. இவற்றைக் கண்ட ஆட்சியாளர் கலங்கினர் என்பதில் வியப்பில்லை.

ஆயினும் அப்பள்ளத்துக்கு வேறொரு விளக்கமும் இருத்தல் கூடும். சாட்சிகள் அஞ்சியதனால் மட்டுமன்றி, பொலிசார் அறிந்ததாகக் கொண்டதிற் பிழையிருந்தமையாலும் வழக்குகள் தோற்றிருக்கலாமன்றோ? மிதுனாபுரிச் சதி வழக்கு இதற்குத் தக்க உதாரணம். கீழ் நீதிமன்றத்தில் தண்டனை பெற்றோரை 1909 இல் பிரதம நீதியரசர் சேர் லோறன்ஸ் ஜெங்கின்ஸ் தலைமையில் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. நீதிமன்றம் என்னும் உரைகல் இல்லாதிருப்பின் அவர்களும் ‘திட்டமான செய்தி’ கிடைத்தோர் தொகையிற் சேர்ந்து நின்றிருப்பர். றௌலற் குழுவினர் இவ்விரண்டாவது விளக்கத்துக்கு உரிய இடமளித்தாரல்லர்.

பொலிசாரின் அறிவு எவ்வழியால் வந்தது என்பதையும் ஈண்டு நோக்குதல் வேண்டும். கொள்ளைக்கூட்டத்தாரைப் பிடித்தற்கென 19 ஆம் நூற்றாண்டில் அமைந்த தக்கர் ஒழிப்புத் திணைக்களம் 1904 இல் மறைந்து, அதனிடத்தில் மத்திய குற்றப்புலனாய்வுத் திணைக்களம் உருவாயிற்று. வழிப்பறிக்காரரைத் தேடிய கண் அரசியல்வாதிகள் மீது திரும்பியது. 1885 ஆம் ஆண்டின் தந்திச் சட்டமும் 1898 ஆம் ஆண்டின் அஞ்சல் சட்டமும், பொது அபாயம் நேர்ந்தவிடத்தோ பொதுமக்கள் பாதுகாப்பின் பொருட்டோ, தந்திகளையும் கடிதங்களையும் இடைமறிக்க அரசாங்கத்துக்கு இடங்கொடுத்தன. அபாயம் நேர்ந்ததா என்பதைத் தீர்மானிப்பதும் அவ்வரசாங்கமே. பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட புதுச்சேரியிலும் பிரித்தானிய உளவாளிகள் வீட்டு வாயில்களைக் காத்து நின்றனர். அரவிந்தர், வ. வே. சு. ஐயர், பாரதியார் ஆகியோரின் போக்குவரவு நாடோறும் வேவு பார்க்கப்பட்டது. இங்ஙனம் பெற்ற செய்திகளுட் சில மெய்; சில கூலிக்குச் சொன்ன பொய். எது மெய், எது பொய் என்பதைப் பிரித்தறிதற்கு மனிதர் கண்ட வழி குறுக்குவிசாரணை ஒன்றே. அதனையே புதிய சட்டம் விலக்கிற்று.

போர்க்காலத்திலேயே இதற்கு ஒத்திகை நடந்துவிட்டது. 1915 மார்ச்சில் வந்த இந்தியப் பாதுகாப்புச் சட்டம், போர் முடிந்து ஆறு மாதம் வரை மட்டுமே நடைமுறையிலிருக்குமென வரையறுக்கப்பட்டது. அதன்படியும், 1818 ஆம் ஆண்டின் பழைய மூன்றாம் ஒழுங்குவிதிப்படியும் விசாரணையின்றித் தடுத்து வைக்கப்பட்டோரின் பத்திரங்களை 1918 இல் நீதிபதி பீச்குறொப்ற், சேர் நாராயண சந்தாவர்க்கர் என்னும் இருவர் ஆராய்ந்தனர். 806 பேரின் விடயங்களைப் பார்த்து, அறுவரையே விடுவிக்கலாமென்றனர். நீதிமன்றத்தில் பன்னிருவருள் ஒருவர்மேற்கூட நிலைபெறாத குற்றச்சாட்டுகள், பொலிசாரின் ஏடுகளை மட்டும் பார்த்தபோது நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு நிலைபெற்றன! முன்னைய தொகையிற் சேர்ந்தோரும் பின்னைய தொகையிற் சேர்ந்தோரும் முற்றும் ஒருவரேயல்லர் எனினும், முறை மாறின் முடிவும் எத்துணை மாறும் என்பதற்கு இது போதிய சான்று.

1919 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டம் எனப் பெயர்பெற்ற றௌலற் சட்டம், தீவிரத்தின் படிக்கேற்பப் பல பகுதிகளாக வகுக்கப்பட்டிருந்தது. முதற் பகுதி மூன்று உயர் நீதிமன்ற நீதிபதிகள் யூரர் இன்றி விரைந்து விசாரிப்பதற்கு வகைசெய்தது. அதன் தீர்ப்புக்கு மேன்முறையீடில்லை. இரண்டாம் பகுதியோ வழக்கையே வேண்டாததாக்கிற்று. ஒருவன் புரட்சி இயக்கத்திற் சம்பந்தப்பட்டவன் என மாகாண அரசாங்கம் நம்புமாயின், அவனிடம் பிணைப்பத்திரம் கேட்கலாம். குறித்த இடத்தில் வசிக்கவும், குறித்த செயல்களைத் தவிர்க்கவும், பொலிசார் முன் தோன்றவும் கட்டளையிடலாம். மூன்றாம் பகுதி கட்டாணையின்றிக் கைதுசெய்யவும் அடைத்துவைக்கவும் இடந்தந்தது. இவ்விரு பகுதிகளிலும் மூவரைக்கொண்ட ஓர் ஆராய்ச்சிச் சபை அமையும் என்பது உண்மையே. ஆயின் அது இரகசியமாகவே கூடும்; சான்றுச் சட்டம் அதனைக் கட்டுப்படுத்தாது; எதிரி வழக்கறிஞரை வைத்துக்கொள்ள முடியாது. வாதமில்லை, வக்கீலில்லை, அப்பீலில்லை என வடநாட்டு மக்கள் கூறிய வாசகம் சட்டத்தை ஓரளவு மிகைப்படுத்தியதாயினும், அதன் உட்பொருளைத் தவறவிட்டதன்று.

புரட்சிக்காரர்மீதன்றி ஏனையோர்மீது இச்சட்டம் பாயாது என அரசாங்கத்தார் உறுதிகூறினர். அவ்வுறுதியை மக்கள் நம்பாமைக்குத் தென்னாட்டிலேயே காரணமிருந்தது. போர்க்காலச் சட்டத்தை வைத்துக்கொண்டு சென்னை அரசாங்கம் 1917 யூனில் அன்னி பெசன்ற் அம்மையாரையும் அவர்தம் உடனுழைப்பாளர் இருவரையும் உதகமண்டலத்தில் அடைத்தது. எழுபதை அணுகிய அவ்வம்மையார் குண்டு வீசினாரல்லர். சுயாட்சி வேண்டிப் பத்திரிகையில் எழுதினார். உயர் நீதிமன்ற நீதிபதியாயிருந்து இளைப்பாறிய சுப்பிரமணிய ஐயர் இதனை அமெரிக்க சனாதிபதி வில்சனுக்கு முறையிட்டு எழுதியதும், பின்னர்த் தமது பட்டங்களைத் துறந்ததும் யாவரும் அறிந்தன. பாரதியாரின் நிலையையும் கருதுக. பத்தாண்டு புதுச்சேரியில் வாழ்ந்த அவர் 1918 நவம்பரில் பிரித்தானிய எல்லையுட் கால்வைத்ததும் கடலூரருகே கைதாகி, டிசம்பரில் நிபந்தனையின்பேரில் விடுவிக்கப்பட்டார். அரசியலைக் கைவிடல், குறித்த பிரதேசத்தில் வாழ்தல், எழுதியவற்றை வெளியிடுமுன் பொலிசாருக்குக் காட்டல் என்பன அந்நிபந்தனைகள். றௌலற் சட்டத்தின் இரண்டாம் பகுதி ஒரு மனிதனின் வாழ்க்கையில் எத்தகைய உருவங்கொள்ளும் என்பதை அறிய விரும்புவோர் கடையத்தில் அவர் கழித்த அந்நாட்களை நோக்கினாற் போதும்.

வேறொரு முரண்பாடும் உண்டு. சென்னை மாகாணத்தைப் பற்றிய அதிகாரத்தில், விபின் சந்திரபாலரின் 1907 ஆம் ஆண்டுச் சொற்பொழிவுகளையும், திருநெல்வேலிக் கலகத்தையும், 1911 யூன் 17 ஆந் திகதி மணியாச்சியிற் கலெக்டர் ஆஷ் கொலையுண்டதையும் விரித்துரைத்த குழுவினர், அம்மாகாணத்துக்கு இயல்பாக உரிய புரட்சி இயக்கம் ஒன்றில்லை என்றே முடிவுகூறினர். அங்ஙனமாயினும் சட்டத்தின் வலை பிரித்தானிய இந்தியா முழுமைக்குமாக விரிக்கப்பட்டது.

1919 பெப்ரவரி 6 ஆந் திகதி உள்நாட்டமைச்சுப் பொறுப்பாளர் சேர் வில்லியம் வின்சன்ற் மசோதாவைச் சட்ட நிரூபண சபையிற் கொணர்ந்தார். உத்தியோகப்பற்றற்ற இந்திய உறுப்பினர் ஒருமுகமாக எதிர்த்தனர். அவ்வெதிர்ப்புரைகளுட் சிறந்தது வலங்கைமானிற் பிறந்த சீனிவாச சாஸ்திரியாரின் உரை. சாஸ்திரியார் தீவிரவாதியல்லர், அரசாங்கத்தாரும் மதித்த மிதவாதி. தீய சட்டம் ஒருமுறை நிறைவேறிவிட்டால் அது தீயோர்மீது மட்டுமே பாயுமெனக் கொள்ளற்கில்லை என்றும், அரசாங்கம் அச்சங்கொண்டவிடத்து நல்லோரும் ஒதுங்க நிழலின்றித் தவிப்பர் என்றும் அவர் எடுத்துரைத்தார். இலண்டனில் இந்தியா மந்திரி மொன்ரேகுவுக்குமே இவ்வேற்பாடு அருவருப்பாயிருந்தது என்பதை அவர் இராசப்பிரதிநிதிக்கு எழுதிய கடிதம் காட்டுகின்றது. அருவருத்தும் இசைந்தார். மார்ச்சு 18 ஆந் திகதி உத்தியோகத்தர் வாக்குப் பலத்தால் மசோதா நிறைவேறிற்று. ஜின்னா, மாளவியர் முதலியோர் சபையினின்றும் விலகினர்.

அதன்பின் நிகழ்ந்தவை பலராலும் சொல்லப்பட்டவை. சென்னையில் இராசகோபாலாச்சாரியாரின் விருந்தினராகத் தங்கியிருந்தபோதே நாடெங்கும் கடையடைத்து நோன்பிருக்கும் எண்ணம் காந்தியடிகளுக்கு உதித்தது. ஏப்ரில் 6 ஆந் திகதி அது நடந்தது. 13 ஆந் திகதி அமிர்தசரசில் 379 பேர் மாண்டனர் என்பது அரசாங்கக் கணக்கு. மக்கள் கூறும் தொகை அதனினும் மிகப் பெரிது. இங்கு ஒரு நுண்செய்தியைச் சுட்டாதிருக்க முடியாது. அமிர்தசரசின் தலைவர்களாகிய கிச்லுவையும் சத்தியபாலரையும் 10 ஆந் திகதி நாடுகடத்தியது றௌலற் சட்டமன்று. போர் நின்று ஐந்து மாதமாகியும் உயிரோடிருந்த போர்க்காலச் சட்டமே. றௌலற் சட்டமோ ஒருபொழுதும் ஒருவர்மீதும் பிரயோகிக்கப்படவில்லை. சேர் தேஜ் பகதூர் சப்ரூ தலைமையிலமைந்த குழுவின் ஆலோசனைப்படி 1922 இல் அது நீக்கப்பட்டது.

அச்சட்டத்துக்கு மூன்றாண்டு எல்லை விதிக்கப்பட்டிருந்தமையை அதன் ஆதரவாளர் பெரிதும் எடுத்துக்காட்டினர். ‘தற்காலிகம்’ என்னுஞ் சொல் இத்தகைய சட்டங்களின் பிறப்புடன் வருவது வழக்கம். இலங்கையில் 1979 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம், தற்காலிக ஏற்பாடுகள் என்னும் அடைமொழியோடு, அதே மூன்றாண்டு எல்லையுடனேயே பிறந்தது. 1982 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டம் எல்லையை நீக்கிற்று. அடைமொழி மட்டும் பெயரில் நிலைத்துவிட்டது.

இந்தியாவிலும் 1922 உடன் கதை முடியவில்லை. 1924 ஒக்ரோபரில் வங்காளத்துக்கென வந்த அவசரச் சட்டத்தை ஒட்டிச் சுபாஸ் சந்திர போசு முதலியோர் விசாரணையின்றிச் சிறைப்பட்டனர். சுதந்திரம் பெற்றபின் 1950 பெப்ரவரியில் தடுப்புக்காவற் சட்ட மசோதாவைப் பாராளுமன்றத்திற் சமர்ப்பித்தவர் சர்தார் வல்லபாய் பட்டேல். றௌலற் மசோதாக்கள் நீதிக்கும் சுதந்திரத்துக்கும் மாறானவை, சட்டமாயின் கீழ்ப்படியோம் என 1919 பெப்ரவரி 24 ஆந் திகதி சபர்மதியிற் கைச்சாத்திட்டோருள் ஒருவர் அவரே. இம்மசோதாவைக் கொணருமுன் தாம் உறக்கமின்றிக் கழித்த இரவுகளைப் பற்றி அவர் சபையில் மறையாது கூறினார்.

அச்சட்டத்தின் 14 ஆம் பிரிவு, தடுத்துவைக்கப்பட்டவனுக்கு அறிவிக்கப்பட்ட காரணங்களை நீதிமன்றத்தில் வெளியிடலாகாது என விதித்தது. நிருவாகம் அறிந்ததை நீதிமன்றம் அறியலாகாது என்னும் பழைய கொள்கை இங்ஙனம் மீண்டும் தலைகாட்டிற்று. சென்னை மாகாணத்திற் சிறையிருந்த பொதுவுடைமைத் தலைவர் ஏ. கே. கோபாலன் உயர்தர நீதிமன்றத்தை நாடினார். 1950 மே 19 ஆந் திகதி நீதியரசர்கள் அப்பதினான்காம் பிரிவை மட்டும் செல்லாதென்று தள்ளி, எஞ்சிய சட்டத்தைப் பெரும்பான்மையோர் முடிவுப்படி நிலைநிறுத்தினர். 1951 ஏப்ரில் முதலாந் திகதியோடு ஒழியவேண்டியிருந்த அச்சட்டம் காலத்துக்குக் காலம் நீடிக்கப்பட்டு 1969 ஆம் ஆண்டின் இறுதி நாள்வரை நடைமுறையிலிருந்தது.