தத்து பாபன் போகனல்: கிணற்று வேலையிலிருந்து ஒலிம்பிக் படகோட்டம் வரை

தத்து பாபன் போகனல் (பிறப்பு: 5 ஏப்ரல் 1991) மகாராஷ்டிர மாநிலத்தைச் சேர்ந்த துடுப்புப் படகோட்ட வீரர். 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் ஒற்றையர் பிரிவில் 13ஆம் இடம் பெற்றார். அதற்கு முன் எந்த இந்தியரும் அந்தப் பிரிவில் அவ்வளவு முன்னால் வந்ததில்லை. 2018 ஆசிய விளையாட்டில் நால்வர் பிரிவில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஒருவர். 2020ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருது பெற்றவர். இருபத்தொரு வயதில் ராணுவத்தில் சேரும் வரை அவர் துடுப்பைத் தொட்டதில்லை. தண்ணீரைக் கண்டால் பயம் என்றும் அவரே சொல்லியிருக்கிறார்.

ஒற்றையர் படகு

நம் ஊர் மாணவர்கள் பரிசலைப் பார்த்திருப்பார்கள், தேக்கடியில் மோட்டார் படகைப் பார்த்திருப்பார்கள். பந்தயத் துடுப்புப் படகு இரண்டிலும் சேராது. ஒற்றையர் படகின் நீளம் சுமார் 8 மீட்டர். தண்ணீரைத் தொடும் இடத்தில் அகலம் ஒரு சாண் சொச்சம்தான். எடை 14 கிலோவுக்குக் குறையக் கூடாது என்பது விதி, அநேகமாக எல்லாப் படகும் அந்த எடையை ஒட்டியே இருக்கும். ஓட்டுபவர் இரு கையிலும் ஒவ்வொரு துடுப்பைப் பிடித்து வலிப்பார். இரண்டு துடுப்பும் தண்ணீரில் இருக்கும்வரைதான் படகு நிற்கும். விட்டால் கவிழும்.

உட்காரும் பலகைக்குக் கீழே சக்கரம் உண்டு. அது முன்னும் பின்னும் நகரும். பார்ப்பவர்கள் இதைக் கை வேலை என்று நினைப்பார்கள். உண்மையில் பெரும்பங்கு கால் வேலை. முழங்காலை மடக்கி முன்னால் வந்து, துடுப்பைத் தண்ணீரில் இறக்கி, இரு காலாலும் உதைத்து நிமிரும்போது படகு பாயும். நிமிடத்துக்கு முப்பது தடவைக்கு மேல் இப்படி. தூரம் 2000 மீட்டர், நேரம் ஏறத்தாழ ஏழு நிமிடம்.

இன்னொரு விசித்திரம், ஓட்டுபவர் படகு போகும் திசைக்கு முதுகு காட்டி உட்காருகிறார். முன்னால் போகிறவருக்குப் பின்னால் வருகிற எல்லாரும் தெரிவார்கள். கடைசியில் வருகிறவருக்கு யாருமே தெரியமாட்டார்கள். நால்வர் படகில் ஒருவர் தளர்ந்தால் மற்ற மூவர் ஓரளவு ஈடுகட்டலாம். ஒற்றையரில் அதற்கு வழியில்லை. தத்துவின் வாழ்வில் பிற்பாடு நடந்த ஒன்றைப் புரிந்துகொள்ள இதை மனத்தில் வைத்திருப்பது நல்லது.

அவருக்கு முன்பு

இந்தியாவில் இந்த விளையாட்டு வெள்ளைக்காரர்களின் சங்கங்களில் தொடங்கியது. கல்கத்தா ரோயிங் கிளப் 1858இலும், அடையாற்றங்கரையில் மெட்ராஸ் போட் கிளப் 1867இலும் தொடங்கின. சென்னைக்கும் கொழும்புக்கும் இடையே 1898 முதலே படகுப் போட்டி உண்டு. இந்தியத் துடுப்புப் படகோட்டக் கூட்டமைப்பு 1976இல்தான் அமைந்தது. 1982 டெல்லி ஆசிய விளையாட்டின் படகுப் போட்டிகள் ஜெய்ப்பூருக்குப் பக்கத்தில் ராம்கர் ஏரியில் நடந்தன. பிற்காலத்தில் அந்த ஏரி வறண்டு போனது என்பதையும் இங்கே குறித்து வைக்கலாம்.

ஒலிம்பிக் படகோட்டத்தில் இந்தியா முதலில் இறங்கியது 2000 சிட்னியில். ஒற்றையர் பிரிவில் 2004 ஏதென்சுக்குப் போனவர் கேரளத்தின் பவுலோஸ். அவருக்குப் பின் வந்தவர்தான் இந்தப் பிரிவின் முதல் பெரிய வீரர், பஜ்ரங் லால் தாக்கர். ராஜஸ்தானின் சீக்கர் மாவட்டத்துக்காரர், ராணுவத்தில் ராஜ்புதானா ரைபிள்ஸ் படைப்பிரிவு. 2006 தோகா ஆசிய விளையாட்டில் வெள்ளி, 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 21ஆம் இடம். 2010 நவம்பரில் சீனாவின் குவாங்சோ ஆசிய விளையாட்டில் 7 நிமிடம் 4.78 விநாடியில் முதலில் வந்தார். ஆசிய விளையாட்டுப் படகோட்டத்தில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. 2013இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. அடுத்து 2012 லண்டனில் பஞ்சாபின் சவரண் சிங் 16ஆம் இடம் பெற்றார்.

சீக்கர் பாலைவனத்தை ஒட்டிய மாவட்டம். சவரண் சிங்கின் மான்சா பக்கம் கால்வாய்ப் பாசனமும் குழாய்க் கிணறும் உள்ள வயல்காடு. இருவரும் ஆற்றங்கரையில் வளர்ந்தவர்கள் அல்ல. தண்ணீர் இருக்கும் ஊரில் படகு வீரர் பிறப்பார் என்று நாம் எண்ணுகிறோம், இந்தப் பட்டியல் அப்படிச் சொல்லவில்லை.

தளேகாவ் ரோகி

தத்துவின் ஊர் நாசிக் மாவட்டம் சாந்த்வட் வட்டத்தில் உள்ள தளேகாவ் ரோகி. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதி, வெங்காயம் விளையும் பூமி. கோம்பை, பண்ணைப்புரம், தேவாரம் பக்கத்து ஆட்களுக்கு இந்த நிலத்தை விளக்க வேண்டியதில்லை. அதே மலைத்தொடரின் கிழக்கடிவாரத்தில்தான் நாமும் இருக்கிறோம். மலை உச்சியில் மேகம் கறுத்து நிற்கும், காட்டில் தூறல்கூட விழாது. ஆனால் நமக்குப் பெரியாறு அணை இருக்கிறது. மேற்கே போகும் தண்ணீரை மலையைக் குடைந்து 1895 முதல் இந்தப் பக்கம் திருப்பியதால் பள்ளத்தாக்கில் இருபோகம் நெல் விளைகிறது. அந்தத் தண்ணீர் எட்டாத மேட்டுக்காட்டில் கிணறுதான் கதி. தளேகாவ் ரோகிக்குப் பெரியாறு இல்லை.

தத்துவின் அப்பா கிணறு வெட்டும் கூலி. மகனும் அதே வேலைக்குப் போனார். கிணற்று வேலை எப்படிப்பட்டது என்பது நம் பெரியவர்களுக்குத் தெரியும். மேல்மண் வரை மண்வெட்டி போதும், பிறகு கடப்பாரை, பாறை வந்தால் துளை போட்டு வெடி வைக்க வேண்டும். உடைந்த கல்லைக் குனிந்து அள்ளி மேலே ஏற்ற வேண்டும். தண்ணீர் வருமா என்பது கடைசி வரை தெரியாது, கூலி மட்டும் அன்றன்றைக்கு. இதோடு பெட்ரோல் பங்கிலும் தத்து வேலை பார்த்திருக்கிறார். 2011இல் அப்பா இறந்தார். வீட்டுப் பொறுப்பு மூத்த மகன் தலையில் விழுந்தது. 2012இல் ராணுவத்தில் சேர்ந்தார்.

ரியோ சமயத்தில் வந்த செய்திகள் கிணறு வெட்டிய கைகள்தான் துடுப்பு பிடிக்கக் கற்றன என்ற தோரணையில் எழுதின. எழுத நன்றாக இருக்கிறது. ஆனால் கிணறு வெட்டியவர்கள் நாட்டில் லட்சக்கணக்கில் உண்டு. அவர்களில் ஒலிம்பிக்குக்குப் போனவர் எத்தனை பேர்? உழைத்த உடம்பு உதவியிருக்கும், மறுக்கவில்லை. அதைவிட உதவியது மாதச் சம்பளமும், மூன்று வேளைச் சாப்பாடும், படகும், சொல்லிக் கொடுக்க ஆளும். ஒரு பந்தயப் படகின் விலை பல லட்சம் ரூபாய். கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு அதைக் கொடுக்கக் கூடிய இடம் இந்தியாவில் ராணுவம்தான்.

புனேயில்

தத்து சேர்ந்தது பம்பாய் பொறியாளர் படைப்பிரிவு. அதன் மையம் புனேயை ஒட்டிய கட்கியில் இருக்கிறது. புனேயில் ராணுவத்தின் படகோட்டப் பயிற்சி மையமும் உண்டு. உயரமான, நீண்ட கைகால் உள்ள சிப்பாய்களைப் பார்த்துப் பொறுக்குவது அங்கே வழக்கம். உயரம் கூடினால் துடுப்பு தண்ணீரில் இழுக்கும் தூரம் கூடும் என்பது எளிய கணக்கு. தத்து ஆறடிக்கு மேல் உயரம். பயிற்சியாளர் குத்ரத் அலி அவரைத் துடுப்புக்குக் கொண்டுவந்தார்.

முன்னேற்றம் வேகமாக இருந்தது. 2015இல் பெய்ஜிங்கில் நடந்த ஆசிய சாம்பியன்ஷிப்பில் ஒற்றையர் வெள்ளி. 2016 ஏப்ரலில் தென்கொரியாவின் சுங்ஜுவில் நடந்த ஒலிம்பிக் தகுதிப் போட்டியில் 7 நிமிடம் 7.63 விநாடியில் மறுபடி வெள்ளி, ரியோவுக்கு இடமும் உறுதியானது. அதே ஏப்ரலில்தான் மகாராஷ்டிரத்தின் லாத்தூர் நகரத்துக்குக் குடிதண்ணீரை ரயிலில் ஏற்றிப் போனார்கள்.

வீட்டில் நிலைமை வேறு. விபத்தில் தலையில் அடிபட்ட அம்மா நினைவு தெளியாமல் படுத்திருந்தார். மகன் ஒலிம்பிக்குக்குப் போகிறான் என்பதை அவருக்குப் புரிய வைக்க முடியவில்லை.

ரியோ, 2016

அந்த ஒலிம்பிக்கில் படகோட்டத்துக்கு இந்தியா அனுப்பியது தத்து ஒருவரைத்தான். போட்டி நடந்தது ரோட்ரிகோ டி ஃப்ரெய்தாஸ் ஏரியில். முதல் நாளே காற்று பலமாக அடித்தது, மறுநாள் போட்டிகளைத் தள்ளி வைக்க வேண்டியதாயிற்று. ஒற்றையர் பிரிவில் 32 பேர். முதல் சுற்றில் தத்து 7:21.67 எடுத்து மூன்றாவதாக வந்து காலிறுதிக்குப் போனார்.

காலிறுதியில் ஒவ்வொரு ஓட்டத்திலும் ஆறு பேர். முதல் மூவர் பதக்க வாய்ப்புள்ள அரையிறுதிக்கு, மற்ற மூவர் கீழ் வரிசைக்கு. தத்து 6:59.89 எடுத்து நான்காவதாக வந்தார். ஒரே ஒரு இடம்! பதக்கம் வென்றிருப்பாரா என்றால், சாத்தியம் குறைவு என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் முதல் பன்னிரண்டு பேருக்குள் வந்திருப்பார்.

அதற்குப் பிறகு நடந்ததை மாணவர்கள் கவனிக்க வேண்டும். படகோட்டத்தில் தோற்றவர்கள் வீட்டுக்குப் போவதில்லை. இடங்களைத் தீர்மானிக்க அவர்களுக்கும் இறுதிப் போட்டிகள் உண்டு. ‘ஏ’ இறுதி 1 முதல் 6 வரை, ‘பி’ இறுதி 7 முதல் 12 வரை, ‘சி’ இறுதி 13 முதல் 18 வரை. பதக்கம் கிடையாது என்று தெரிந்த பின் ‘சி’ இறுதியில் முழு மூச்சாக வலிக்க எல்லாருக்கும் மனம் வராது. தத்து 6:54.96 எடுத்து அதில் முதலில் வந்தார். அதுதான் அந்த 13. ஓர் ஓட்டத்தில் வென்றவர் எப்படி 13ஆவது என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

தங்கம் வென்றவர் நியூசிலாந்தின் மாஹே டிரைஸ்டேல், நேரம் 6:41.34. இரண்டாவது வந்த குரோஷியாவின் டாமிர் மார்ட்டினுக்கும் அதே 6:41.34, புகைப்படம் பார்த்துத்தான் முடிவு செய்தார்கள். தத்துவின் நேரம் அதைவிட 13.62 விநாடி அதிகம். இரண்டும் வேறு வேறு ஓட்டங்கள், காற்று மாறினால் நேரமும் மாறும். தத்துவே முதல் சுற்றில் எடுத்ததைவிட ‘சி’ இறுதியில் 26 விநாடிக்கும் மேல் குறைவாக எடுத்திருக்கிறார் பாருங்கள். ஆகவே இந்தக் கணக்கைக் குத்துமதிப்பாகவே கொள்ள வேண்டும். துடுப்பு பிடித்து நான்கு ஆண்டு ஆனவருக்கு அது நல்ல நேரம்.

பாலெம்பாங், 2018

2018 ஆசிய விளையாட்டின் படகோட்டம் இந்தோனேசியாவின் பாலெம்பாங் நகரில் நடந்தது. ஒற்றையரில் தத்து மேல் பெரிய எதிர்பார்ப்பு. இறுதிப் போட்டி ஆகஸ்ட் 23 அன்று. அவருக்குக் காய்ச்சல். பாதி வழியில் தளர்ந்து, ஆறு பேரில் ஆறாவதாக வந்தார். அன்று மற்ற இறுதிகளிலும் இந்தியர்களுக்குப் பதக்கம் கிடைக்கவில்லை.

மறுநாள் காலை நால்வர் பிரிவு. ஆளுக்கு இரண்டு துடுப்பு பிடிக்கும் இந்தப் படகில் சவரண் சிங், ஓம் பிரகாஷ், சுக்மீத் சிங் ஆகியோருடன் தத்துவும் இருந்தார். இந்தியப் படகு 6:17.13 எடுத்து முதலில் வந்தது, இந்தோனேசியா இரண்டாவது, தாய்லாந்து மூன்றாவது. தாக்கரின் 2010 தங்கத்துக்குப் பிறகு ஆசிய விளையாட்டுப் படகோட்டத்தில் இந்தியாவுக்குக் கிடைத்த இரண்டாவது தங்கம் இது. நால்வரும் ராணுவ வீரர்கள். முதல் நாள் ஒற்றையரில் கடைசியாக வந்தவர் இருபத்துநான்கு மணி நேரத்தில் தங்கத்தோடு நின்றார்.

தடை

பாராட்டு அடங்கியதும் கேள்வி வந்தது. ஒற்றையர் இறுதியில் தத்து நடுவில் வேண்டுமென்றே துடுப்பை விட்டார் என்று கூறி, 2019இல் கூட்டமைப்பு அவருக்கு இரண்டு ஆண்டு தடை விதித்தது. உடல்நிலைதான் காரணம் என்றார் தத்து.

கூட்டமைப்பின் பக்கம் ஒரு நியாயம் உண்டு. நாட்டின் பெயரில் இறங்குகிறவர் கடைசி வரை வலிக்க வேண்டும், அதைக் கேட்க அவர்களுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் ஒற்றையர் படகில் உடம்பு விட்டுக்கொடுப்பதும் மனம் விட்டுக்கொடுப்பதும் கரையிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். மறுநாள் தங்கம் வென்ற படகில் அவர் இருந்ததை இரண்டு விதமாகவும் வாதிடலாம். ‘அவ்வளவு முடியாதவர் எப்படி மறுநாள் வலித்தார்?’ என்று ஒருவர் கேட்கலாம். ‘விட்டுக்கொடுக்கும் ஆளா மறுநாள் காய்ச்சலோடு படகில் ஏறுவார்?’ என்று இன்னொருவர் கேட்கலாம். எனக்கு இரண்டாவது கேள்விதான் பெரிதாகப் படுகிறது. தண்டனையின் அளவும் பெரிது. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வரும் ஒலிம்பிக்குக்கு உழைக்கிறவருக்கு இரண்டு ஆண்டு என்பது பாதி.

2020 ஜனவரியில், தடைக்காலம் முடியும் முன்பே, கூட்டமைப்பு தடையை நீக்கியது. அதே ஆண்டு அர்ஜுனா விருதும் அறிவிக்கப்பட்டது. ஆனால் அவர் இன்னொரு ஒலிம்பிக்குக்குப் போகவில்லை. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் ஒற்றையர் பிரிவில் இந்தியர் யாரும் இல்லை. எடை குறைந்தோருக்கான இருவர் பிரிவில் அர்ஜுன் லால் ஜாட், அரவிந்த் சிங் இணை 11ஆம் இடம் பெற்றது.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஒற்றையர் பிரிவுக்குத் தகுதி பெற்றவர் ஹரியானாவின் பல்ராஜ் பன்வார். அவரும் ராணுவ வீரர்தான். அங்கே அவருக்குக் கிடைத்தது 23ஆம் இடம்.