இருபரிமாணப் புலக் கோட்பாடுகளில் அடர் பேரியான் பொருள்

இருபரிமாணப் புலக் கோட்பாடுகளில் அடர் பேரியான் பொருள் என்பது, ஒரு வெளிப் பரிமாணமும் ஒரு காலப் பரிமாணமும் மட்டுமே கொண்ட எளிய குவாண்டம் புலக் கோட்பாடுகளில் பேரியான்கள் நெருக்கமாக அமையும்போது உருவாகும் பொருள்நிலை ஆகும். புரோத்தன், நியூத்திரன் ஆகியவை பேரியான்களே. நியூத்திரன் விண்மீன்களின் உட்பகுதி அடர் பேரியான் பொருளால் ஆனது.

தேவை

குவார்க்குகளின் இடைவினையை விளக்கும் கோட்பாடு குவாண்டம் நிறவியக்கவியல் ஆகும். அடர்த்தி மிகுந்த நிலையில், கணினிக் கணிப்பில் கூட்டவேண்டிய உறுப்புகள் ஒன்றையொன்று நீக்கிவிடுகின்றன. இது குறிச் சிக்கல் எனப்படும். ஆகவே, துல்லியமாகத் தீர்க்கத்தக்க எளிய மாதிரிகள் ஆராயப்படுகின்றன.

மாதிரிகள்

டூஃப்ட் மாதிரி: 1974இல் ஜெரார்டு டூஃப்ட் முன்வைத்தது. இதில் குவார்க்குகளுக்கு இடையிலான ஆற்றல் தொலைவுக்கு நேர்விகிதத்தில் உயர்வதால், அவை தனித்துப் பிரிவதில்லை.

கிராஸ்-நெவ்யூ மாதிரி: 1974இல் டேவிட் கிராஸ், ஆந்திரே நெவ்யூ ஆகியோர் முன்வைத்தது. இதில் குளுவான்கள் இல்லை. பெர்மியான்கள் ஒரே புள்ளியில் இடைவினை புரிந்து, அதன் விளைவாகத் தாமே நிறை பெறுகின்றன.

டூஃப்ட் மாதிரியில் நிறங்களின் எண்ணிக்கையும், கிராஸ்-நெவ்யூ மாதிரியில் பெர்மியான் வகைகளின் எண்ணிக்கையும் மிகப் பெரிது எனக் கொள்ளப்படும்.

பழைய முடிவும் திருத்தமும்

நிறை தரும் புலம் எங்கும் ஒரே அளவில் இருக்கும் என்று தொடக்கத்தில் கருதப்பட்டது. வெற்றிடத்தில் பெர்மியானின் நிறையை 1 எனக் கொண்டால், கிராஸ்-நெவ்யூ மாதிரியில் பொருள் தோன்ற ஒரு பெர்மியானுக்கு ஏறத்தாழ 0.707 ஆற்றல் தேவை என இக்கருத்து காட்டியது. ஆனால் டாஷன், ஹஸ்லாக்கர், நெவ்யூ ஆகியோர் 1975இல் கண்ட பேரியான் தீர்வின்படி, ஒரு பெர்மியானுக்கு ஏறத்தாழ 0.637 ஆற்றலே போதும். எனவே சீரான பொருள் என்ற கருத்து தவறாகும்.

2003இல் மைக்கேல் தீஸ், கொன்ராட் உர்லிக்ஸ் ஆகியோர் திருத்திய நிலைமை வரைபடத்தை வெளியிட்டனர். அதன்படி, தாழ்ந்த வெப்பநிலையில் அடர் பொருள் ஒரு படிகமாக அமைகிறது. நிறை தரும் புலம் சீரான இடைவெளிகளில் குறி மாறுகிறது; கூடுதல் பெர்மியான்கள் அந்த மாற்றப் புள்ளிகளைச் சுற்றிச் செறிகின்றன. ஒருபரிமாண உலோகங்களில் காணப்படும் பையர்ல்சு உறுதியின்மையும் இதை ஒத்ததே.

டூஃப்ட் மாதிரியில் புலத்தின் அளவு மாறாமல் அதன் திசை மட்டும் திருகுபோலச் சுழல்கிறது என்று வெரேனா ஷோனும் தீஸும் 2000இல் காட்டினர். ஒரு முழுச் சுற்று ஒரு பேரியானைக் குறிக்கும். அடர்த்தி கூடக்கூடச் சுற்றுகள் நெருங்கும்.

வரம்புகள்

எண்ணிக்கை முடிவுடையதாயின், ஒரே வெளிப் பரிமாணத்தில் குவாண்டம் ஏற்றத்தாழ்வுகள் இத்தகைய நெடுந்தொலைவு ஒழுங்கைக் குலைத்துவிடும். எனவே இம்முடிவுகளை விண்மீன்களுக்கு நேரடியாகப் பொருத்த இயலாது. எனினும், அடர் பொருள் சீரானது என்று முன்கூட்டியே கொள்ளலாகாது என்பதை இம்மாதிரிகள் தெளிவாக்குகின்றன.