கைக்குழந்தை எதுக்களித்தல்

குடித்த பால் இரைப்பையிலிருந்து உணவுக்குழாய் வழியே மேலேறிக் கைக்குழந்தையின் நெஞ்சுக்கோ வாய்க்கோ வருவது எதுக்களித்தல். குடித்த கையோடு வந்தால் பாலாகவே வழியும். சற்று நேரம் கழித்து வந்தால் திரைந்து, தயிர்த் துணுக்குபோல, புளித்த வாடையோடு வரும். பிறந்த சில வாரங்களில் தொடங்கி நான்காம் மாதத்தை ஒட்டி மிகும். குழந்தை உட்காரவும் கூழுணவு தின்னவும் பழகும்போது குறையும். ஒன்றரை வயதுக்குள் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளுக்கும் நின்றுவிடும். அமெரிக்காவில் 1997-இல் வெளியான ஆய்வு ஒன்றில், மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் பாதிப் பேர் நாளுக்கு ஒரு முறையாவது கக்கினர். நான்காம் மாதத்தில் அது மூன்றில் இரண்டு பங்கானது. பத்து மாதம் கடந்தவர்களில் நூற்றுக்கு ஐந்தாகக் குறைந்தது. எடை ஏறி, முகம் தெளிந்து, சிரித்து விளையாடும் பிள்ளைக்கு இது நோய் அன்று. எடை ஏறாமல், பாலைக் கண்டாலே உடம்பை வில்லாக வளைத்து அழும் பிள்ளைக்குத்தான் இது நோயாகிறது.

பெயரும் வழக்கும்

இந்தப் பொருளில் தமிழுக்குச் சொல் பஞ்சமில்லை. முயற்சியில்லாமல் கடைவாயில் வழிவது கக்கல். நெஞ்சுவரை வந்து, வாய்க்கு வராமலே திரும்பிப் போவதையும் சேர்த்துக் குறிப்பது எதுக்களிப்பு. வயிறு இழுத்துத் தள்ளி வெளியேற்றுவது வாந்தி. இலங்கையில் அதைச் சத்தி என்பர். எதுவும் வராமல் தொண்டை மட்டும் இழுப்பது ஓங்கரிப்பு. மூச்சுப்பாதைக்குள் பால் போய் இருமுவது புரையேறுதல். ஓரடி தள்ளி விழும்படி வருவது பீச்சி அடித்தல்.

இவை ஒன்றுக்கொன்று மாற்றிச் சொல்லத்தக்க சொற்கள் அல்ல. “பால் குடிச்சதும் வாயோரம் வழியுதுங்க” என்று சொல்லும் தாயும், “பீச்சி அடிக்குது டாக்டர், சுவர் வரைக்கும் போகுது” என்று சொல்லும் தாயும் இரண்டு வேறு நோய்க்குறிகளைச் சொல்கிறார்கள். முதலாவதற்குப் பெரும்பாலும் ஆறுதல் போதும். இரண்டாவது குறி, பிறந்த மூன்றாம் வாரத்துக்கும் ஆறாம் வாரத்துக்கும் இடையில் தொடங்கியிருந்தால், இரைப்பையின் வாயில் தடித்து அடைபட்ட நிலையாக இருக்கலாம். தாய் சொல்லும் சொல்லை அப்படியே குறித்துக்கொள்ளும் மருத்துவருக்குப் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

பால மருத்துவ நூல்களில்

சித்த மருத்துவத்தில் குழந்தை நோய்களுக்கென்றே பாலவாகடம் என்னும் நூல் வகை உண்டு. கக்கல், வயிற்றுப் பொருமல், பச்சையாகக் கழிதல், ஓயாத அழுகை ஆகியவற்றை இந்நூல்கள் மாந்தம் என்ற பெருந்தலைப்பின்கீழ் கொண்டுவருகின்றன. பால்மாந்தம், செரியாமாந்தம், போர்மாந்தம் என்று வகை விரிந்துகொண்டே போகும். குழந்தையின் நிறம், மலத்தின் தன்மை, வயிற்றின் ஒலி, அழுகையின் தன்மை எனக் கண்ணால் கண்டு காதால் கேட்டவற்றைக் கொண்டே பிரித்த பிரிவு இது. கருவி எதுவும் இல்லாத காலத்தில் குழந்தையின் அருகில் பொறுமையாக உட்கார்ந்து பார்த்தவர்களின் அறிவு இதில் இருக்கிறது. காரணம் சொல்லும் இடத்தில்தான் இந்நூல்கள் தவறின. தாயின் பால் கெட்டது, தாய் தின்ற பண்டம் ஆகவில்லை என்று பழி பெரும்பாலும் தாய்மேல் போயிற்று. பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் கடுமையானதற்கு இந்த எண்ணமும் ஒரு காரணம். பறவையின் நிழல் பட்டதால் வரும் பட்சி தோடம் என்ற நம்பிக்கையும் இதே குறிகளுக்குச் சொல்லப்பட்டது.

மாந்தத்துக்கு வீட்டில் கொடுக்கப்பட்டது உரைமருந்து. வசம்பு, சாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு, அதிமதுரம், பெருங்காயம் முதலியவற்றைப் பக்குவம் செய்து உலர்த்தி வைத்துக்கொள்வர். குளிப்பாட்டிய நாளில் உரைகல்லில் தாய்ப்பால் சில துளி விட்டு, ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று சுற்று உரைத்து, விரலால் வழித்துக் குழந்தையின் நாக்கில் தடவுவர். வசம்பை விளக்குச் சுடரில் கருக்கி உரைப்பதும் உண்டு. பிள்ளை வளர்ப்பான் என்றும், இரவில் பெயர் சொல்லக்கூடாது என்பதால் பேர் சொல்லாதது என்றும் வசம்புக்குப் பெயர்கள் வழங்கின. அதிலுள்ள அசரோன் என்னும் பொருள் காரணமாக அமெரிக்கா 1968-இல் வசம்பை உணவில் சேர்க்கத் தடை விதித்தது. அளவு மீறினால் வசம்பே வாந்தியை உண்டாக்கும். கக்கலை நிறுத்தக் கொடுத்த மருந்து கக்கலைக் கூட்டுவதும், அதற்காக மேலும் உரைப்பதும் பல வீடுகளில் நடந்திருக்கும். முதல் ஆறு மாதம் தாய்ப்பாலைத் தவிர, மருத்துவர் தரும் மருந்தைத் தவிர, தண்ணீர்கூட வேண்டாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலை.

உரம் (சுளுக்கு) விழுந்தது என்று சேலையில் போட்டு உருட்டுவது, உள்ளே சிக்கியதை எடுப்பதாகச் சொல்லித் தொக்கம் எடுப்பது ஆகியவையும் இத்துடன் சேர்ந்தவை. இவற்றைவிடக் கேடானது மூக்கிலும் தொண்டையிலும் எண்ணெய் விடுவது. கக்கும் குழந்தைக்குச் சளி கட்டியதாக நினைத்து விடும் எண்ணெய் நேரே நுரையீரலுக்குப் போகிறது. தென்னிந்தியக் குழந்தைகளிடம் இப்படி வந்த எண்ணெய் நிமோனியாவைப் பற்றி 1973-இலேயே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கட்டுரை வந்தது.

பிற நாட்டு வரலாறு

இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் வில்லியம் உட்வர்ட் 1851-இல் கிரைப் வாட்டரை உருவாக்கினார். சதகுப்பை எண்ணெய், சோடா உப்பு, சர்க்கரை, சாராயச் சத்து ஆகியவை சேர்ந்த நீர் அது. சாராயம் பின்னாளில் நீக்கப்பட்டது. தமிழ்நாட்டில் மூன்று தலைமுறை வீடுகளில் அந்தப் புட்டி இருந்தது; எதுக்களிப்புக்கு அதனால் பயன் இல்லை.

டென்மார்க் மருத்துவர் ஹிர்ஷ்பிரங் 1880-களின் இறுதியில் இரைப்பை வாயில் தடிப்பைத் தெளிவாக விவரித்தார். செர்மனியில் கான்ராட் ராம்ஸ்டெட் 1911-இல் தடித்த தசையைக் கீறிவிட்டுத் தைக்காமலே விட்டார்; குழந்தை பிழைத்தது. இன்றும் அதே அறுவைதான் செய்யப்படுகிறது. சாதாரணக் கக்கலுக்கு விளக்கம் வர இன்னும் காலம் பிடித்தது. 1947-இல் நியூஹவுசர், பெரன்பெர்க் என்னும் இருவர், உணவுக்குழாயின் அடிவாய் தளர்ந்திருப்பதே காரணம் என எழுதினர். அதன் பின் கக்கும் குழந்தைகளைச் சாய்வு நாற்காலியில் வாரக்கணக்கில் உட்கார வைக்கும் வழக்கம் வந்தது. 1983-இல் சூசன் ஓரன்ஸ்டீன் அளந்து பார்த்தபோது நாற்காலியில் எதுக்களிப்பு கூடியிருந்தது. மடிந்து உட்காரும்போது வயிறு அழுந்துகிறது. தூளியிலும் உடல் மடிகிறது. பால் குடித்த கையோடு தூளியில் போடக்கூடாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

குழந்தை கழுத்தைத் திருகி முதுகை வளைப்பதை வலிப்பு எனப் பலர் மயங்குவர். எதுக்களிப்பால் வரும் அந்த நிலையை 1964-இல் கின்ஸ்போர்ன் விவரித்தார். அதற்குச் சாண்டிபர் நோய்க்குறி என்று பெயர்.

உண்டாகும் விதம்

உணவுக்குழாயின் அடியில் உள்ள சுருக்குத்தசை, விழுங்காத வேளையிலும் அவ்வப்போது சில நொடிகள் திறந்துகொள்கிறது. பெரியவர்களுக்கும் இது நடக்கும். பிறந்த குழந்தையின் உணவுக்குழாய் ஏறக்குறைய பத்து சென்டிமீட்டரே, உணவு முழுக்க நீர்மம், நாள் முழுக்கப் படுக்கை. ஐந்து கிலோ குழந்தை நாளுக்கு ஏறக்குறைய 750 மில்லி பால் குடிக்கிறது. அறுபது கிலோ ஆள் இதே கணக்கில் குடித்தால் ஒன்பது லிட்டர். இவ்வளவு குடித்துவிட்டுப் படுத்தால் எவருக்கும் எதுக்களிக்கும்.

பாலாடை

எதுக்களிப்போடு சேர்ந்த இன்னொரு சிக்கல் பால் புகட்டுதல்; அதற்குத் தமிழ்நாட்டில் வழங்கும் கருவி பாலாடை. பால்சங்கு என்றும் சொல்வர். திறந்த கிண்ணம்போன்ற சிறு பாத்திரம், ஒரு முனை மூக்காக நீண்டிருக்கும். சங்கை அறுத்துச் செய்தவற்றின் வழி வந்த வடிவம் என்பது பார்த்தாலே விளங்கும். வெள்ளியில் செய்து தாய்வீட்டுச் சீரில் வைப்பர். பித்தளையிலும் எவர்சில்வரிலும் உண்டு. குழந்தைக்கான மூக்குப் பாத்திரம் உலகில் பழையது. செர்மனியின் பவேரியாவில் பழங்காலக் குழந்தைகளின் கல்லறையில் கிடைத்த சிறு மண்பாத்திரங்களில் ஆடுமாடுகளின் பால் படிந்திருந்ததை 2019-இல் கண்டறிந்தனர்.

குறைமாதக் குழந்தைக்கு உறிஞ்சவும் விழுங்கவும் மூச்சு விடவும் ஒருசேர வருவது ஏறக்குறைய 34 வாரத்துக்குப் பிறகுதான். முலைக்காம்பைப் பிடிக்கத் தெரியாத அக்குழந்தைக்குக் கறந்த தாய்ப்பாலைப் பாலாடையில் புகட்டும் முறை வீட்டிலிருந்து மருத்துவமனைக்குப் போனது. 1999-இல் வெளியான ஓர் இந்திய ஆய்வில் புட்டி, கோப்பை, பாலாடை மூன்றையும் ஒப்பிட்டதில், பாலாடையில்தான் குழந்தைகள் குறைந்த நேரத்தில் கூடுதல் பால் குடித்தன.

புகட்டுவதற்கு ஒரு முறை உண்டு. குழந்தை விழித்திருக்க வேண்டும். தலையையும் தோளையும் ஒரு கையில் ஏந்திச் சற்று நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். பாலாடையின் மூக்கைக் கீழுதட்டின் ஓரத்தில் வைத்துச் சில துளி சாய்க்க வேண்டும். நாக்கு அசையும், தொண்டை ஏறி இறங்கும், பிறகு ஒரு மூச்சு வரும். அந்த மூச்சு வந்த பிறகே அடுத்த துளி. மல்லாக்கப் படுக்க வைத்து, கன்னத்தை அழுத்தி ஊற்றினால் அதே பாலாடை உயிருக்கு ஆபத்து. புட்டியின் ரப்பரில் பால் பிசுக்குத் தங்கும். பாலாடையில் ஒளிய இடமில்லை, கழுவிக் கொதிக்க வைத்தால் போதும். தாய்முலைக்கு அடுத்தபடி பாலாடையே. பால்புட்டி, மாற்றுப்பால் ஆகியவற்றின் விளம்பரத்தை இந்தியா 1992-இல் சட்டம் இயற்றித் தடுத்தது.

வீட்டில் சமாளித்தல்

குறைவாக, அடிக்கடி கொடுப்பது முதல் வழி. குடித்த பின் இருபது முப்பது நிமிடம் தோளில் நிமிர்த்தி வைத்திருப்பது இரண்டாவது. முதுகில் தட்டி ஏப்பம் விடச் செய்வது எங்கும் உள்ள பழக்கம். ஆயினும் சண்டிகரில் 71 தாய்சேய் இணைகளைக் கொண்டு நடத்திய ஆய்வில், ஏப்பம் விடச் செய்த குழந்தைகளே கூடுதலாகக் கக்கின. நிமிர்த்தி வைப்பதே போதும், தட்ட வேண்டாம்.

படுக்க வைப்பது மல்லாக்கத்தான். கக்கினால் புரையேறும் என்று அஞ்சிக் குப்புறப் போடுவது தவறு. மல்லாந்த நிலையில் மூச்சுக்குழல் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருப்பதால், கக்கிய பால் மூச்சுக்குழலுக்குள் போக மேல்நோக்கி ஏற வேண்டும். பிரிட்டனில் 1991-இல் மல்லாக்கப் படுக்க வைக்கும் இயக்கம் தொடங்கிய பின், தூக்கத்தில் நேரும் திடீர்ச் சாவு பாதிக்கும் கீழே குறைந்தது.

பாலில் அரிசிமாவு, கேழ்வரகு மாவு கலந்து கெட்டியாக்குவது வேண்டாம். தாய்ப்பாலில் உள்ள நொதி மாவுச்சத்தைக் கரைத்துவிடுவதால் அது கெட்டிப்படாது. மலத்தில் இரத்தம், தோலில் தடிப்பு, தீராத கக்கல் ஆகியவை சேர்ந்து வந்தால், பசும்பால் புரதம் ஒவ்வாமல் இருக்கலாம். தாய் இரண்டு முதல் நான்கு வாரம் பால், தயிர், மோர், நெய் ஆகியவற்றை விட்டுப் பார்க்கலாம். அதில் பலன் இல்லையென்றால் அவளுக்கு எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

அமிலம் குறைக்கும் மருந்துகள் சாதாரணக் கக்கலையும் அழுகையையும் குறைப்பதில்லை. எதுக்களிப்புக்குக் கொடுக்கப்பட்ட சிசாப்ரைடு இதயத்துடிப்பைக் கெடுத்ததால் 2000-இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது; அமிலம் குறைக்கும் ரானிட்டிடின் வேறு காரணத்தால் 2020-இல் எடுக்கப்பட்டது.

பச்சையாகவோ இரத்தமாகவோ கக்குதல், பீச்சி அடித்தல், வயிறு உப்பிப் பளபளத்தல், காய்ச்சல், உச்சிக்குழி புடைத்தல் அல்லது குழிதல், சிறுநீர் குறைதல், உதடு நீலமாதல், மூச்சு நின்று வருதல், எடை ஏறாமை, ஆறு மாதத்துக்குப் பிறகு புதிதாகத் தொடங்குதல் ஆகியவை காத்திருக்கத் தகாதவை. பச்சைக் கக்கல் குடல் முறுக்காக இருக்கலாம். அன்றே, அந்த மணியே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தாய்

இரவு இரண்டு மணிக்கு, நாலாவது முறையாக நனைந்த சேலையை மாற்றிக்கொண்டு, குடித்த பால் அத்தனையும் வெளியே வந்துவிட்டது என்று அழும் பெண்ணுக்கு இந்தக் கட்டுரையின் வகைப்பாடுகள் உதவா. ஒரு கரண்டிப் பாலைத் துணியில் கொட்டிப் பார்த்தால், கறை எவ்வளவு பெரிதாகப் பரவுகிறது என்பது தெரியும். பிள்ளை கக்கியதும் பெரும்பாலும் அவ்வளவே. முதல் மூன்று மாதம் நாளுக்கு 20 முதல் 30 கிராம் எடை கூடினால் பால் உள்ளே தங்குகிறது. அவள் பால் கெட்டதில்லை. கக்கும் பிள்ளையை ஒரு மணி நேரம் தோளில் வைத்திருக்க இன்னொருவர், அது கணவனோ மாமியாரோ, எழுந்து வந்தால் அவள் தூங்குவாள். அவளுக்கு நாள்கணக்கில் தூக்கமும் பசியும் அற்றுப்போய், பிள்ளையைத் தொடவே மனம் வராமல் இருந்தால், பிள்ளையைக் காட்டும் அன்றே அவளையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இன்று தமிழ்நாட்டில் தாய்ப்பால் வங்கிகளும், 2015 முதல் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகளும் உள்ளன. எடைபார்ப்பது அங்கன்வாடியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் நடக்கிறது.