மதிலுக்கு வெளியே ஓர் ஆய்வகம்: உயிர்மருத்துவக் கல்வியும் பொம்மையார்பாளையமும்

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே சென்றால், காலாப்பட்டிலுள்ள புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தை எட்டும் முன் வருவது பொம்மையார்பாளையம். ஊர் விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தைச் சேர்ந்தது. தெற்கே நகரமும் வடக்கே பல்கலைக்கழகமும் புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் உள்ளன. இங்கே ஒருவருக்குக் காய்ச்சல் கண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் அது தமிழ்நாட்டுக் கணக்கில் ஏறும். புதுச்சேரியிலுள்ள ஜிப்மர் மருத்துவமனைக்குப் போனால் வேறொரு பதிவேட்டில் ஏறும். காய்ச்சலைப் பரப்பிய கொசுவோ இருபுறமும் பறக்கிறது. உயிர்மருத்துவம் கற்பிக்கும் துறை தன் பாடத்தில் ஒரு பங்கை இத்தகைய ஊர்களில்தான் நடத்த வேண்டும் என்பது என் வாதம்.

இதற்கான முன்மாதிரியைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1975இல் புதுச்சேரியில் நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தை நிறுவியது. பி. கே. ராஜகோபாலன் தலைமையில் 1981 முதல் 1985 வரை நகரில் நடந்த யானைக்கால் நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம், பூச்சிமருந்தை மட்டும் நம்பவில்லை; கியூலெக்ஸ் கொசு முட்டையிடும் சாக்கடையையும் கழிவுநீர்த் தொட்டியையும் தேடிப் போனது. நோய் தொற்றியவரையும் அப்படித்தான் தேடிப் போக வேண்டும்; அதற்குக் காரணம் நோயை உண்டாக்கும் புழுவின் வாழ்வில் இருக்கிறது. முதிர்ந்த புழு நிணநீர்க் குழாய்களில் பல ஆண்டுகள் உயிரோடிருக்கும். அதன் நுண்புழுக்கள் இங்கே பெரும்பாலும் இரவில்தான் புற ரத்த ஓட்டத்துக்கு வருகின்றன. ஆகவே நுண்புழுக்களைத் தேடும் ரத்தப் பரிசோதனைக்கு இரவில் வீடு வீடாகப் போயாக வேண்டும். உறங்கும் வீட்டின் கதவைத் தட்டி, விரல் நுனியில் ஒரு துளி ரத்தம் தரும்படி கேட்டு இசைவு பெறுவதை எந்த நுண்ணோக்கியும் கற்றுத் தராது. களத்துக்குப் போயாக வேண்டும் என்பது மலேரியாவுக்கும் பொருந்தும். இக்கடலோரத்தில் சவுக்கு வளர்ப்புக்காகத் தோண்டிய நீர்க்குழிகளில் அனாபிலிஸ் கொசு பெருகுவதைத் தோப்புக்குள் இறங்கிப் பார்த்தவர்களே கண்டறிந்தார்கள்.

களப்பணி சுகாதாரத் துறையின் வேலை, பல்கலைக்கழகத்துக்கு உரியது மூலக்கூறு ஆய்வே என்று சிலர் சொல்லக்கூடும். இந்தப் பிரிவினையை என்னால் ஏற்க முடியவில்லை. அதே மையம் கொசுப்புழுக்களைக் கொல்லப் பயன்படுத்தும் பி17 என்ற பாக்டீரியா வகை உள்ளூரிலிருந்தே பிரித்தெடுக்கப்பட்டது. டெங்குவைப் பரப்பும் திறனைக் குறைக்கும் வொல்பாக்கியா பாக்டீரியாவைத் தாங்கியவையாக 2022இல் அம்மையம் அறிவித்த ஏடிஸ் கொசுக்களும் புதுச்சேரிக் கொசுக்களோடு கலப்பினம் செய்து உருவாக்கப்பட்டவை. ஆய்வகத்தின் மூலப்பொருளே ஊரிலிருந்துதான் வந்திருக்கிறது. நாளை அந்தக் கொசுக்களை ஓர் ஊரில் விட வேண்டுமானால் ஊராரின் ஒப்புதல் வேண்டும். அதைக் கேட்டுப் பெறத் தெரிந்த அறிவியலாளரை எந்தத் துறை உருவாக்கப்போகிறது?

இத்தகைய களப்பணி எவ்வளவு காலம் நீளும் என்பதற்கு இலங்கை ஒரு சான்று. அங்கே யானைக்கால் ஒழிப்பு இயக்கம் 1947இல் தொடங்கியது. அந்நோய் பொதுச் சுகாதாரச் சிக்கலாக இல்லாதொழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல்தான் சான்றளித்தது. இவ்வளவு நீண்ட பணியை மூன்றாண்டு நிதியில் ஓடும் ஆய்வுத் திட்டங்கள் தாங்கா. ஆண்டுதோறும் புதிய மாணவர்களைப் பெறும் கல்வித் துறையால் தாங்க முடியும். அதன் தனிப்பலம் அதுவே.

புதுச்சேரியின் நோய்க்கடத்தி மையம் புதுச்சேரிப் பல்கலைக்கழக இணைப்போடு பொதுச் சுகாதாரப் பூச்சியியலில் முதுநிலைப் படிப்பை நடத்துகிறது. அந்தக் களப்பழக்கம் உயிர்வேதியியல், உயிர்த்தொழில்நுட்ப மாணவர்களுக்கும் கிடைக்க வேண்டும். இதைவிட முக்கியமானது முடிவுகளைத் திருப்பித் தருவது. ரத்தம் கொடுத்த குடும்பத்துக்கு அதில் என்ன தெரிந்தது என்று பெரும்பாலும் யாரும் வந்து சொல்வதில்லை. சமூகத்தை ஆய்வில் ஈடுபடுத்துவதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள் தனியாகவே வலியுறுத்துகின்றன. நம் ஆய்வேடுகளோ ஆங்கிலத்தில் எழுதப்பட்டு நூலக அலமாரியில் நின்றுவிடுகின்றன.

ஆகவே பாடத்திட்டக் குழுக்களுக்கு என் வேண்டுகோள்: ஊரில் மாதிரி எடுத்த ஒவ்வொரு மாணவரும், ஆய்வேட்டை ஒப்படைக்கும் முன் தம் முடிவுகளை அதே ஊரில் தமிழில் விளக்கியாக வேண்டும் என விதி செய்யுங்கள்; அதற்கு மதிப்பெண்ணும் ஒதுக்குங்கள்.