திருநாளும் திறந்த கதவும்

ஓய்வுநாளில் நோயாளருக்கு இடமுண்டா என்னும் வினா புதியதன்று. பதினெட்டு ஆண்டுகள் கூனியிருந்த பெண்ணை இயேசு பெருமான் ஓய்வுநாளில் குணமாக்கினார். வேலைநாள்கள் ஆறு உண்டே, அந்நாள்களில் வந்து நலம் பெறலாகாதா எனத் தொழுகைக்கூடத் தலைவர் சினந்ததை லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம்.

இங்கிலாந்தின் வரலாறு இதே வினாவை வேறு வடிவில் எழுப்புகிறது. 'ஹாலிடே' என்னும் ஆங்கிலச் சொல் முதலில் திருநாளையே குறித்தது. சர் ஜான் லபக் முயன்று கொணர்ந்த 1871ஆம் ஆண்டுச் சட்டம், புனித முடியப்பர் திருநாளான டிசம்பர் 26 உட்பட நான்கு நாள்களை அங்கு வங்கி விடுமுறைகளாக்கியது. உழைப்போருக்கு அது பெரும்பேறு. பின்னர், 1948 ஜூலை 5இல் தேசிய நலவாழ்வுப் பணி தொடங்கியது. குடும்ப மருத்துவரின் இல்லமே நோயாளர் முதலில் தட்டும் கதவாயிற்று. விடுமுறையில் அக்கதவு அடைபடும்போது, பலர் மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவை நாடுகின்றனர். அங்கோ பணியாளர் குறைவு. குணமடைந்தோரை வீட்டுக்கு அனுப்பும் ஏற்பாடுகள் தாமதமாவதால் படுக்கைகள் காலியாவதில்லை; புதிதாய் வந்தோர் தாழ்வாரத்தில் காத்திருக்கின்றனர்.

ஆயினும் வியப்பொன்று உண்டு. கிறிஸ்து பிறப்பு நாளன்று அங்குக் கூட்டம் குறைவதே வழக்கம். அடுத்து வரும் நாள்களிலேயே அது பெருகுகிறது. அந்நாளில் நோய் ஓய்வெடுப்பதில்லை, நோயாளர் பொறுத்துக்கொள்கின்றனர். அமெரிக்காவில் 1973 முதல் 2001 வரை நேர்ந்த 5 கோடியே 30 இலட்சம் இறப்புகளை ஆராய்ந்தோர், இதயநோய்ச் சாவுகள் டிசம்பர் 25, 26, ஜனவரி 1 ஆகிய நாள்களில் உச்சமடைவதை 2004இல் வெளியிட்டனர். சிகிச்சையைத் தள்ளிப்போடுவது ஒரு காரணமாகலாம் என்றும் கருதினர். சுவீடனில் விழாவின் முதன்மை நாள் டிசம்பர் 24. அன்று மாரடைப்பு ஆபத்து 37 விழுக்காடு கூடுவதாகவும், முதியோரும் நீரிழிவு உடையோரும் மிகுதியாகத் தாக்குறுவதாகவும் 2018இல் வெளியான ஆய்வு காட்டிற்று.

விழாவைக் கெடுக்கலாகாதெனத் தம் நெஞ்சுவலியை மறைக்கும் தாய் தந்தையர் எந்நாட்டிலும் உண்டு. நம் இல்லங்களிலும் உண்டு. விருந்து முடியட்டும் என அவர்கள் சொல்லும்போது நாம் இசைந்துவிடுகிறோம். தொழுகைக்கூடத் தலைவர் உரக்கச் சொன்னதை நாம் மௌனமாகச் செய்கிறோம்.

ஓய்வு இறைவனின் கொடை. ஆண்டவர் அதனை ஒழிக்கவில்லை; பிணித்திருந்தவளை அவிழ்த்துவிட அதுவே தகுந்த நாள் எனக் கண்டார். ஆகவே திருநாளில் முதியோரின் முகம் பார்ப்போம். அவர்களுடைய மருந்து இருக்கிறதா எனக் கேட்போம். வலி என்றால் அந்நேரமே அழைத்துச் செல்வோம். அங்கே, தம் வீட்டு விருந்தைத் துறந்து கதவைத் திறந்து வைத்திருக்கும் செவிலியரையும் நம் செபத்தில் நினைப்போம்.