கிரேட்ஸ் (ஆக்ஸ்போர்டு செவ்வியல் படிப்பு)

ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் பண்டைய கிரேக்க, உரோமானிய நாகரிகங்களை அவற்றின் மொழி, இலக்கியம், வரலாறு, மெய்யியல் ஆகியவற்றின் வழியே கற்பிக்கும் நான்காண்டு இளங்கலைப் படிப்பு, லிட்டரே ஹியூமானியோரெஸ் என்னும் முறையான இலத்தீன் பெயரைக் கொண்டிருப்பினும், பேச்சுவழக்கில் 'கிரேட்ஸ்' என்றே அறியப்படுகிறது. மரபான அமைப்பில், முதல் ஐந்து பருவங்களின் இறுதியில் நடைபெறும் 'மாட்ஸ்' என்னும் தேர்வு ஓமர், வெர்ஜில் முதலியோரை மூலமொழியிலேயே வாசிக்கும் திறனைச் சோதிக்க, எஞ்சிய ஏழு பருவங்கள் பெரிதும் மெய்யியலுக்கும் பண்டைய வரலாற்றுக்கும் உரியனவாயின.

பிரித்தானிய ஆட்சிப்பணிகளுக்கு ஆளனுப்பும் வாயிலாகவும் இப்படிப்பு விளங்கியது. 1855இல் தொடங்கிய இந்திய ஆட்சிப்பணிப் போட்டித் தேர்வில் கிரேக்கத்துக்கும் இலத்தீனுக்கும் தனித்தனியே 750 மதிப்பெண்கள் வகுக்கப்பட்டிருந்தன. ஆளப்படவிருந்த நாட்டின் செம்மொழியான சமற்கிருதத்துக்கோ 375 மட்டுமே. தமிழுக்கு அப்பட்டியலில் இடமே இல்லை. இத்தகைய ஏற்பாடு செவ்வியல் பயின்றோருக்குச் சாதகமாயிருந்ததில் வியப்பில்லை.

கிரேக்கம் அறியாதோரும் இதற்கு நிகரான பரந்த கல்வியைப் பெறவேண்டும் என்னும் கருத்து வலுத்ததன் விளைவாக, மெய்யியல், அரசியல், பொருளியல் ஆகிய மூன்றையும் இணைத்த புதிய படிப்பு 1920இல் 'நவீன கிரேட்ஸ்' என்னும் பெயரில் தொடங்கப்பட்டது. இன்று பள்ளியில் கிரேக்கம், இலத்தீன் ஆகிய இரு மொழிகளையும் பயிலாதவரும் மூலப்படிப்பிலேயே சேரலாம்.