கடகம்

கடகம் என்பது பனையோலையால் இழைக்கப்பட்டு, பனை நாரால் விளிம்பு பொத்தப்படும், சதுர அடியும் வட்ட வாயும் உடைய சுமைப் பெட்டியாகும். ஓலைப் பின்னல் வகையைச் சார்ந்த இது, இலங்கையின் வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் நெல், எரு, மண் ஆகியன சுமக்கப் பயன்படுவது.

உலர்த்திய ஓலையின் ஈர்க்கை நீக்கி, சம அகலத்தில் வார்ந்து, அடியினின்று மூலைவாட்டாக இழைத்து மேலேற்றுவர். உள்ளும் புறமுமாக இரு பெட்டிகளை ஒன்றினுள் ஒன்று பொருத்தி, வாயைச் சுற்றி நாரைச் சாய்வாக இறுக்கிப் பொத்துவர். அவ்விளிம்பு, முறுக்கிய வடம் ஓடுவதுபோன்ற தோற்றம் தருவது இக்கைவினையின் தலைசிறந்த சௌந்தரியமாகும். அயர்லாந்தின் அரன் தீவுகளில் கம்பளி ஆடைகளில் கண்ணிகளை இடம்மாற்றிப் பின்னி எழுப்பும் வட உருவங்களும் இவ்வாறே வடமின்றி வடத்தைக் காட்டுவன. ஆயினும் அங்கே அலங்காரமே பிரதானம், இங்கோ பாரந்தாங்கும் வலிமையே முதற் பிரயோஜனம்.

நீற்றுப்பெட்டி, கொட்டைப்பெட்டி, மூடுபெட்டி, உமல் என்பன இதன் இனங்கள். பிளாஸ்டிக் கூடைகளின் வரவால் வழக்குக் குன்றிய இத்தொழில் உள்ளிட்ட பனைசார் கைத்தொழில்களை வளர்க்கும் பொருட்டு, இலங்கையில் பனை அபிவிருத்திச் சபை 1978இல் நிறுவப்பட்டது.